ஆனிக் கடைசியில் டெய்லர் எடுத்த அளவு

ஆனி மாதத்தின் கடைசி நாள் காலையில், கவின் மாமா ஒரு மணி நேரத்துக்குள் மூன்று வீட்டில் பல் துலக்கினார்.

பல் மீது அவருக்கு அப்படியொன்றும் பிரியம் கிடையாது. இருப்பதே பத்தோ பன்னிரண்டோ. ஆனால் அன்றைக்கு அளவு நாள். இரண்டாம் மாடியில் ஐந்தாம் நம்பர், ஏழாம் நம்பர், ஒன்பதாம் நம்பர் ஆகிய மூன்று வீட்டுக்கும் அவர்தான் ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் ஒரம்பரை. ஒரம்பரையாக வந்தவர் காலையில் எழுந்தால் குளியலறைப் பக்கம் நாலு எட்டாவது வைக்க வேண்டாமா? தரை கவனித்துக்கொண்டிருக்கிறது.

"வெரசா வாங்க மாமா, ஒம்பதாம் நம்பர்ல காப்பி ஆறுது" என்று நடையில் நின்று விரட்டினாள் தர்ஷினியக்கா.

"ஏனம்மிணி, இதோட மூணு காப்பி. எனக்கு பிரஷர் இருக்குதாமா."

"குடிக்கோணும்னு யாரு சொன்னா? டம்ளரக் கையில வெச்சுட்டு ரெண்டு நடை நடங்க. நடைதான் முக்கியம்."

மாமா பெருமூச்சு விட்டுவிட்டு, துண்டைத் தோளில் மாற்றிக்கொண்டு ஒன்பதாம் நம்பருக்குள் போனார். எழுபத்திரண்டு வயது. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். கீழ்த்தளத்தில் அவருக்கென்று ஒற்றை ரூம் உண்டு. அதில் அவர் தூங்கி நாளாயிற்று.

இந்த ஏற்பாட்டை நடத்துவது தர்ஷினியக்காதான். வயது அறுபத்து மூன்று. அவள் பிறந்த காலத்தில் திருப்பூரில் தெருவுக்கு மூன்று தர்ஷினி இருந்தார்கள். இப்போது அந்தப் பெயரைக் கேட்டாலே மூட்டுவலித் தைலம் மணக்கிறது. இன்றைய குழந்தைகளுக்கெல்லாம் பொன்னாத்தாள், சென்னியப்பன் என்று புது மோஸ்தர். தர்ஷினியக்கா பனியன் கம்பெனியில் முப்பத்தைந்து வருடம் செக்கிங்கில் இருந்தவள். துணியைக் கையில் எடுத்தால் ஓட்டை எங்கே, கறை எங்கே என்று விரலே சொல்லிவிடும். ரிட்டயர் ஆன பிறகு துணி வருவது நின்றுபோயிற்று. கை சும்மா இருக்குமா? மாடியில் இருந்த பதினாறு குடும்பத்தையும் செக் பண்ண ஆரம்பித்தாள்.

எந்த வீட்டில் தோசைக்கல் வாங்கியிருக்கிறார்கள், எந்த வீட்டு மருமகள் மூன்று நாளாகச் சிரிக்கவில்லை, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஏழு வருடம். பெண்ணைக் கட்டிக் கொடுத்தாயிற்று. பேச ஆள் இல்லாத வீட்டில், மற்றவர்கள் பேசுவதைக் கேட்பது ஒரு குற்றமா? இல்லை என்றுதான் அவள் தீர்ப்புச் சொல்லியிருந்தாள். அப்பீல் பண்ண யாரும் வரவில்லை.

ஒன்பது மணிக்கு சுபத்ரா வந்தாள்.

வீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. பட்டியலில் முதலாவதாக இருப்பவர் அளவுக் கூட்டத்துக்கு வந்து உட்காரலாம் என்று சங்கத்தில் இந்த வருடம்தான் விதி போட்டிருந்தார்கள். அணைப்பாளையத்தில் ஊடுபாவு கூட்டுக்குடியிருப்புச் சங்கம் என்றால் எல்லாருக்கும் தெரியும். பனியன் தொழிலாளிகள் சேர்ந்து கட்டிய சங்கம், நொய்யல் ஓரமாக மூன்று மாடி. சுபத்ராவின் தாத்தா அந்தக் காலத்தில் ஒடிசாவிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர். பேத்திக்கு ஒடியாவில் தெரிந்தது ஒரு சாமிப் பாட்டும் ரெண்டு திட்டும்தான். மற்றதெல்லாம் சுத்தமான திருப்பூர்ப் பேச்சு.

"உள்ள வா கண்ணு. ஏன் நடையிலயே நிக்கற? எத்தனை மாசம்?"

"ஏழுங்க்கா."

"ஏழா? பாத்தா எட்டாட்ட இருக்குது. மாமியா கூட இருக்குதா?"

"இல்லீங்க்கா, கொழுந்தனார் ஊட்ல."

"சண்டையா?"

"இடமில்லீங்க்கா." சுபத்ரா சிரித்தாள். "லைன் ஊட்ல பத்துக்குப் பத்து ரூம். நாங்க ரெண்டு பேரு, மூத்தவ குப்பாத்தாள், சின்னவன். மாமியாளும் வந்தா ஒருத்தர் நின்னுட்டே தூங்கோணும். இப்ப ஊட்டு ஓனரு வேற அஞ்சாவது ஆளுக்கு இடமில்ல, ஆவணிக்குள்ள காலி பண்ணுன்னுட்டாரு."

"வயித்துக்குள்ள இருக்கறதையும் கணக்குல சேத்துட்டானா, பாவி!"

தர்ஷினியக்கா ஒரு தட்டில் சந்தகையும் தேங்காய்ப்பாலும் வைத்தாள். சுபத்ரா சாப்பிட்டுக்கொண்டே சுவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"டெய்லர், டெய்லருங்கறாங்களே, அவரு எங்கீங்க்கா இருக்கறாரு?"

"இருக்கறாரா! ஆளா இருந்திருந்தா நான் எப்பவோ ரெண்டு வடையக் குடுத்துக் காரியத்த முடிச்சிருப்பனே. இந்தச் சுவரும் தரையும் இருக்குது பாரு, அதுக்குள்ள இருக்கற மூளைக்குப் பேருதான் டெய்லர். நாங்களா வெச்ச பேரு. அளவெடுக்குது, வெட்டுது, தைக்குது, வேற என்னன்னு கூப்புடறது? இந்தச் சுவரெல்லாம் நகரும், தெரியுமில்ல?"

"கேள்விப்பட்டிருக்கறனுங்க்கா. எப்புடி நகரும்னுதான் தெரியாது."

"பஸ்ல மூணு பேரு சீட்டுல நாலாவதா ஒருத்தி புள்ளத்தாச்சியா வந்து நின்னா என்ன பண்றம்? கொஞ்சம் அக்கட்டால நகருங்கங்கறம். ஆளுக்கு நாலு விரக்கடை நகந்தா ஒரு ஆளுக்கு இடம் வந்துருதில்ல? அதேதான். கோடியில ஒரு ஊட்ல ஒரு ரூம் மிச்சம்னு வெச்சுக்க, நடுவால இருக்கற ஊடெல்லாம் கொஞ்சங் கொஞ்சம் நகந்து, அந்த மிச்சத்த வேணுங்கற எடத்துக்குக் கொண்டாந்து சேத்துரும். அப்புடிச் சேந்த மிச்சத்துல புது ஊடு. ஒட்டுத்துணி ஊடும்போம்."

"இதையெல்லாம் கெவுர்மெண்டா குடுத்துது?"

"எங்களாட்ட சங்கத்துக்கெல்லாம் எடம் குடுத்துது, சுவரு குடுத்துது. வாடகை சம்பளத்துல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாதுன்னும் சொல்லிப்போட்டுது. பதிலுக்கு ஒரே கண்டிசன். ஒரு ரூமும் சும்மா கெடக்கக்கூடாது. மூணு மாசத்துல இருபத்தஞ்சு ராத்திரியாச்சும் ஆள் தூங்கோணும், இல்லீன்னா பகல்ல தெனமும் ரெண்டு மணி நேரம் பொழங்கோணும். ரெண்டும் இல்லீன்னா அது மிச்சம்."

"கேமரா வெச்சுப் பாக்குமுங்களா?"

"சேச்சே. அதுக்குக் கண்ணும் கெடையாது, நம்ம பேசறதக் கேக்கக் காதும் கெடையாது. கூட்டம் போட்டு வேண்டாம்னுட்டம். கூப்புட்டா மட்டும் பதில் சொல்லும். மத்தபடி அதுக்குத் தெரிஞ்சது பாதம் மட்டுந்தான். தரையில யாரு எங்க நிக்கறாங்க, படுக்கறாங்க, அவ்வளவுதான்."

சுபத்ரா தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அப்ப இந்த வருசம் மிச்சம் இருக்குமுங்களா, அக்கா?"

தர்ஷினியக்கா காலித் தட்டை வாங்கி, கேட்காமலே இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பாலை ஊற்றினாள்.

"எங்க கண்ணு... இந்த மாடியில எல்லார் ஊட்லயும் ஒரே ஒரம்பரை."

அந்த நேரம் பார்த்துக் கவின் மாமா துண்டோடு வாசலைக் கடந்தார்.

"இவரு இப்பத்தான அந்தப் பக்கத்து ஊட்லருந்து வந்தாரு? அதுக்கு முன்னால வேற ஊட்ல பாத்தேன்."

"நல்ல மனுசன். எல்லாருக்கும் வேண்டியவரு" என்றாள் தர்ஷினியக்கா. பொய் சொல்லவில்லை, பாருங்கள்.

சாமர்த்தியம் எல்லாம் போன வருடம்வரை நன்றாகத்தான் போயிற்று. ஐந்தாம் நம்பர்க்காரர்களுக்கு ஒரு ரூமில் தீபாவளிப் பாத்திரம், ஏழாம் நம்பருக்கு ஓடாத சைக்கிள், ஒன்பதாம் நம்பருக்கு 'சும்மா இருக்கட்டுமே' என்ற எண்ணம். மூன்று பேரும் அக்காவிடம் வந்து தலையைச் சொறிந்தார்கள். அவள் மாமாவைக் கைகாட்டினாள். வீட்டுக்கு இருபத்தைந்து ராத்திரி, சாப்பாடு அவர்கள் பொறுப்பு. மாமாவுக்கும் அரிசிம்பருப்பு சோறு ஒரு வீட்டில், ராகிக்களி ஒரு வீட்டில் என்று உடம்பு தேறியது. யாருக்கு என்ன நஷ்டம்? இந்தக் கேள்விக்குப் பதில் இப்போது அவள் எதிரே உட்கார்ந்து தேங்காய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தது.

தர்ஷினியக்காவின் இரண்டாவது ரூமுக்கு மாமா தேவைப்படவில்லை. அவள் அங்கே தினமும் மூன்று மணி நேரம் தியானம் பண்ணுகிறாள். அப்படித்தான் பதிவேட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள்.

பத்து மணிக்கு இரண்டாம் மாடி நடையில் எல்லாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஆனி முடிந்து மறுநாள் ஆடி. ஆடியில் யார் வீடு மாறுவார்கள்? சுவர் செய்த சென்னைக்காரர்கள் ஜூலைக் கடைசியில் அளவு வைத்திருந்தார்கள். சங்கம் கூடி, முடியவே முடியாது, ஆனிக் கடைசியில்தான் என்று தீர்மானம் போட்டு மாற்றியது. அன்றைக்குள் வீடு அமையாவிட்டால் அப்புறம் அடுத்த ஆனிதான்.

இன்னொரு தீர்மானமும் உண்டு. ஒவ்வொரு வீட்டு அளவையும் எல்லார் முன்னிலையிலும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். ஒளிவுமறைவு கூடாது என்று பன்னிரண்டு வருடத்துக்கு முன் மேசையைத் தட்டி அதைக் கொண்டுவந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? தர்ஷினியக்காதான். ஒருத்தர் வீட்டு அளவும் தனக்குத் தெரியாமல் போய்விடக் கூடாதே என்ற பொதுநலம்.

செயலாளர் நிதீஷ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பன்னிரண்டாம் நம்பர், அக்காவுக்குப் பக்கத்து வீடு. அருகில் அவர் மனைவி மோனிஷா. தர்ஷினியும் மோனிஷாவும் இருபது வருடமாகச் சிரிப்போடு சரி. இருபது வருடத்துக்கு முன் தர்ஷினியின் குடும்பமும் பட்டியலில் முதலாவதாக நின்றதுதான். அப்போது பன்னிரண்டாம் நம்பரிலிருந்து ஒரு ரூமை வெட்டித்தான் பதினோராம் நம்பரைத் தைத்தார்கள். அது மோனிஷாவின் மாமியார் படுத்திருந்த ரூம். மாமியார் இருந்தவரை மோனிஷாவுக்கு அந்த ரூம் ஆகாது. கை விட்டுப் போனதும் அதன்மேல் அப்படியொரு பாசம்.

"டெய்லர், ஆரம்பிக்கலாமா?" என்றார் நிதீஷ்.

"வணக்கமுங்க. அளவு எடுத்தாச்சுங்க" என்றது சுவர். ஊர்க்காரர்கள் வற்புறுத்திச் சொல்லிக்கொடுத்த மரியாதை. "ஒண்ணாம் நம்பர், ரெண்டு ரூம், நிறைவுங்க. ரெண்டாம் நம்பர், நிறைவுங்க..."

தர்ஷினியக்கா கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

"அஞ்சாம் நம்பர். ரெண்டாவது ரூம்ல இருபத்தஞ்சு ராத்திரி ஒருத்தரு படுத்திருக்கறாருங்க. கவின், கீழ்த்தளம் மூணாம் நம்பர்."

கால் இறங்கியது.

"பேரு எப்புடி அதுக்குத் தெரியும்?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"ஏழாம் நம்பர். ரெண்டாவது ரூம். இருபத்தஞ்சு ராத்திரி. கவின். ஒம்பதாம் நம்பர். மூணாவது ரூம். இருபத்தஞ்சு ராத்திரி. கவின்."

கவின் மாமா மேலே ஓடும் பல்லியைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இந்த மூணு ரூம்லயும் வேற யாரும் படுக்கறதில்லீங்க" என்று டெய்லர் இழுக்காமல் முடித்தது. "ஆளுக்குத்தான ரூமு? அதனால மூணையும் ஒண்ணாத் தைச்சு கவினுக்கே குடுத்திருக்குதுங்க. கீழ்த்தளத்துல அவரு ரூம்ல பதினாறு ராத்திரிதானுங்க. அது மிச்சம்."

"அட சாமி!" மாமா எழுந்துவிட்டார். "எனக்கெதுக்கு மூணு ரூமு? ஒரு ரூம்லயே சீப்பைக் காணாமத் தேடறேன்! தெனமும் மாடி ஏற முட்டி ஒத்துழைக்கோணுமே!"

"பேரு எப்புடித் தெரிஞ்சுதுன்னு கேக்கறேன்" என்றாள் தர்ஷினியக்கா நிதீஷைப் பார்த்து.

நிதீஷ் கண்ணாடியை மறுபடி துடைத்தார். "வைகாசிக் கூட்டத்துல சுற்றறிக்கை வாசிச்சனே. இனிமே எடைய மட்டுமில்ல, நடையையும் வெச்சு ஆள அடையாளம் கண்டுபுடிக்கும்னு..."

"எப்ப வாசிச்சீங்க?"

"பஜ்ஜி வந்துதே, அப்ப."

ஊரில் ஊசி விழுந்தாலும் கேட்கும் தர்ஷினியக்காவின் காது அன்றைக்கு வாழைக்காய் பஜ்ஜியின் மொறுமொறுப்பில் இருந்திருக்கிறது. என்ன செய்வது?

ஐந்தாம் நம்பரும் ஏழாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "உங்க ஊட்டுக்கும் இவருதானா? உங்க பெரியப்பன்னு சொன்னீங்க!" "நீங்க சம்பந்தின்னீங்களே!" என்று ஒரு பாடு வாக்குவாதம் நடந்தது. கவின் மாமா இரண்டு கையையும் தூக்கினார்.

"சண்டை வேண்டாம். மூணு ரூமையும் நான் விட்டுக்குடுக்கறேன். என்ற பழைய ரூமைக் குடுத்துருங்க, அது போதும். காப்பி மட்டும் நிறுத்திப்போடாதீங்க."

"சரிங்க" என்றது டெய்லர். "கவினுக்குக் கீழ்த்தளம். இந்த மாடியில மூணு ரூம் மிச்சமுங்க."

சுபத்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்த தர்ஷினியக்காவுக்கு, முப்பத்தைந்து வருட செக்கிங்கில் ஓட்டையே இல்லாத துணி ஒன்றைக் கையில் எடுத்ததுபோல் இருந்தது.

"ஆனா வீடு அமையாதுங்க" என்றது டெய்லர்.

"ஏன்?"

"சுவரு நகருமுங்க. குழாய் நகராதுங்க. வீடுன்னா அடுப்படி வேணும், குளியலறை வேணும். தண்ணி வர்ற குழாயும் கழிவு போற குழாயும் சுவருக்குள்ள ஒரே எடத்துல நிக்குதுங்க. மத்த எடமெல்லாம் நிறைஞ்சிருக்குது. இந்த மாடியில புதுசா இணைக்க ஒரே ஒரு எடந்தான் மிச்சம். பதினோராம் நம்பர், ரெண்டாவது ரூமுக்குப் பின்னால."

எல்லார் தலையும் ஒரே நேரத்தில் திரும்பியது.

"அது என்ற தியான ரூமு" என்றாள் தர்ஷினியக்கா. "தெனமும் மூணு மணி நேரம். எழுதியே குடுத்திருக்கறேன்."

"ஆமாங்க" என்றது டெய்லர். அது யாருக்கும் பாரபட்சம் காட்டாது, அதுதான் அதன் கெட்ட குணம். "பதினோராம் நம்பர், ரெண்டாவது ரூம். தெனமும் மூணு மணி நேரம் ஒருத்தரு இருக்கறாருங்க. தர்ஷினி. காலையில பதினொண்ணுலருந்து பன்னெண்டரை வரை. சாயந்தரம் நாலுலருந்து அஞ்சரை வரை."

"பாத்துக்குங்க!"

"நின்னபடிங்க. தெக்குச் சுவரோரம், அரை அடி தள்ளி. எடை முழுக்க நுனிப்பாதத்துல. ஒடம்பு சுவத்து மேல சாய்ஞ்சிருக்குது. அசைவு இல்லீங்க."

தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டாம் நம்பர். நிதீஷ் வீட்டுக் கூடம். முதலில் ஒன்பதாம் நம்பர் சிரித்தது. பிறகு ஏழு. பிறகு நாற்காலிகள் கிரீச்சிட்டன. கவின் மாமாவுக்குச் சிரிப்பில் புரையேறியது.

"சுவத்துச் சாமி தியானமா அக்கா?"

"காதாலயே மூச்சுப் பயிற்சி போல!"

தர்ஷினியக்காவின் முகம் சாயப்பட்டறையில் முக்கி எடுத்ததுபோல் ஆகிவிட்டது. எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று பார்த்தாள். உள்ளே போனாலும் தரை இருக்கிறதே, எங்கே நிற்கிறாள் என்று அதற்குத் தெரியும்.

"ரூம் பொழக்கத்துல இருக்குதுங்க" என்று டெய்லர் சொன்னது. "எதுக்குப் பொழங்கறாங்கன்னு விதியில கேள்வி இல்லீங்க. அதனால அது பதினோராம் நம்பருக்கே சொந்தம். கேட்டு வாங்க முடியாதுங்க. அவங்களா குடுத்தாத்தான்."

சிரிப்பு மெல்ல அடங்கியது. யாரும் அக்காவைக் கேட்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் மாட்டிக்கொண்ட நாலு வீட்டில் பொய்க்கணக்குச் சொல்லாமல் ரூமை வைத்திருந்தது அவள் ஒருத்திதான். கணக்கு மட்டும் கொஞ்சம் கோணல்.

சுபத்ரா மட்டும் சிரிக்கவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"வர்றனுங்க்கா. சந்தகை நல்லா இருந்துது."

"எங்க போற?"

"சின்னவன் எந்திரிச்சிருப்பான்." ஒரு கணம் நின்றாள். "அக்கா, தப்பா நெனைக்காட்டி ஒண்ணு கேக்கட்டுமா? அப்புடி என்னதான் கேட்டுது, அந்தச் சுவத்துல?"

இருபது வருடத்தில் அவளிடம் அப்படி நேராகக் கேட்டவர் யாரும் இல்லை. அந்தக் கண்ணில் கேலி இருக்கிறதா என்று தர்ஷினியக்கா செக் பண்ணினாள். இல்லை. வம்பு கேட்கும் ஆசைதான் இருந்தது. அசல் சரக்கு. அக்காவுக்கு அது பார்த்தவுடன் தெரியும்.

"ஒண்ணுமே கேக்கல கண்ணு" என்றாள் உள்ளதை. "முன்னெல்லாம் குக்கர் சத்தம், டிவி சத்தம், அவரு தும்மறது, அந்தம்மா திட்டறதுன்னு ஊடு கலகலன்னு இருக்கும். அத கேட்டுட்டு நின்னா நானும் அவிய கூட உக்காந்திருக்கறாப்புல ஒரு இது. இப்ப நாலு மாசமா நான் போயி நின்னா அங்க ஒரு சத்தம் இல்ல. என்னமோ மறைக்கறாங்கன்னுதான் விடாம நின்னேன்."

"அய்யோ, பாவம்."

"பாவமென்ன பாவம்." தர்ஷினியக்கா புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். "டெய்லர், எழுதிக்க. சத்தமே கேக்காத சுவர வெச்சுட்டு நான் என்ன பண்றது? அந்த ரூமை எடுத்துக்க."

"விட்டுக்குடுக்கறீங்களா?"

"ஆமாங்கறேன். ஆனா ஒண்ணு. மூணுல ரெண்ட இவளுக்குத் தைச்சுரு, என்ற ரூமு அடுப்படி குளியலறைக்கு. மீதி ஒரு ரூமை யாருக்கும் குடுக்காத, இந்த மாடிக்கே பொதுவா ஒரம்பரை ரூம்னு வெச்சுரு. யாரு ஊட்டுக்கு ஆள் வந்தாலும் அங்க தங்கட்டும். வர்றவிய யாரு, எந்த ஊரு, எதுக்கு வந்தாங்கங்கறதயெல்லாம் நானே விசாரிச்சுக்கறேன்."

கைதட்டல் எழுந்தது. கடைசி வாக்கியத்துக்கும் சேர்த்துத்தான். சுபத்ரா ஒரு செருப்பை மறுபடி கழற்றினாள். இன்னொன்றைக் கழற்ற மறந்துபோய் அப்படியே நின்றாள். கண் நிறைந்திருந்தது.

"அழுவாத, எட்டு மாசத்துல அழுவக்கூடாது."

"ஏழுங்க்கா..."

"டெய்லர், எங்க விட்ட? வாசிச்சு முடி" என்றார் நிதீஷ், கூட்டத்தை நல்லபடியாக முடிக்கும் உற்சாகத்தில்.

"பன்னெண்டாம் நம்பருங்க" என்றது டெய்லர். "கூடம். அஞ்சு மணி நேரம் பொழக்கம். ரெண்டு பேரு. அதுல மோனிஷா மட்டும், தெனமும் மூணு மணி நேரமுங்க. பங்குனி மாசத்துலருந்து. காலையில பதினொண்ணு முதல் பன்னெண்டரை. சாயந்தரம் நாலு முதல் அஞ்சரை. வடக்குச் சுவரோரம். நின்னபடிங்க. எடை நுனிப்பாதத்துல..."

நிதீஷ் கண்ணாடியைக் கழற்றியவர் துடைக்கவே இல்லை.

மோனிஷா தலையைக் குனிந்துகொண்டு முந்தானை நுனியை நீவினாள். "யோகா" என்றாள்.

இந்தத் தடவை சிரித்ததில் கீழ்த்தளத்திலிருந்து ஆட்கள் ஏறி வந்துவிட்டார்கள், என்னவோ ஏதோ என்று. தர்ஷினியக்கா முதலில் வாயைப் பிளந்தாள். பிறகு கோபம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை.

"ஏனம்மிணி! அப்ப நாலு மாசமா நீ இந்தப் பக்கத்தக் கேட்டுட்டு நின்ன, நான் அந்தப் பக்கத்தக் கேட்டுட்டு நின்னனா?"

"நீங்க என்னமோ தியானம்னீங்க" என்றாள் மோனிஷா. "நீங்களும் தியானமும்! எங்க மாமியா ரூமுக்குள்ள ஆளக்கீளக் கொண்டாந்து வெச்சிருக்கீங்களோன்னு... நானும் எட்டி எட்டிக் கேக்கறேன், மூச்சுச் சத்தங்கூட இல்ல. அதுதான் எனக்குச் சந்தேகம் எச்சாயிருச்சு."

"டிவிய ஏன் நிறுத்தின?"

"டிவி ஓடினா உங்க சத்தம் எப்புடிக் கேக்கும்?"

அது நியாயம்தான் என்று தர்ஷினியக்காவே தலையாட்டினாள்.

பன்னிரண்டு மணிக்குச் சுவர்கள் நகர்ந்தன. பெரிய சத்தமெல்லாம் இல்லை. லிஃப்ட் கதவு திறப்பதுபோல் ஒரு உஸ்ஸ். அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. ஐந்தாம் நம்பர்க்காரர்கள் தீபாவளிப் பாத்திரங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஓடாத சைக்கிளை ஏழாம் நம்பர் நடையில் கொண்டுவந்து வைத்தது. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில், பஸ் சீட்டில் கடைசியாக வந்தவள் ஒடுங்கி உட்காருவதுபோல், ஒரு புது வாசல் வந்து உட்கார்ந்தது.

பொழுது சாய்வதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும். சுபத்ராவின் வீட்டுக்காரர் பேட்டரி வண்டியில் ஒரே நடையில் சாமானை ஏற்றிவந்துவிட்டார். அவ்வளவுதான் இருந்தது. குப்பாத்தாள் இரண்டு ரூமுக்கும் மாறி மாறி ஓடினாள். எதில் நின்றால் இன்னொன்று கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்பது அவளுக்குப் புதுசு. சின்னவன் சுவரைத் தட்டிப் பார்த்தான். கவின் மாமா தன் பழைய ரூமுக்குப் போய்ச் சீப்பைக் கண்டுபிடித்துவிட்டு, நாலாவது காப்பிக்காக மறுபடி மேலே வந்தார்.

பால் பொங்கியது. எல்லாரும் கலைந்தார்கள்.

தர்ஷினியக்கா தன் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். ஒரு ரூம்தான் மிச்சம். கொஞ்சம் சிறுத்துத்தான் போயிருந்தது. கட்டிலில் உட்கார்ந்தாள். எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். புதிதாக வந்திருந்த தெற்குச் சுவர் வெள்ளைவெளேரென்று நின்றது. அந்தப் பக்கம் பாத்திரம் உருட்டும் சத்தம். குப்பாத்தாள் எதையோ கேட்டாள், சுபத்ரா ஏதோ பதில் சொன்னாள், ரெண்டும் தெளிவாக விழவில்லை. வார்த்தை பாதி, சிரிப்பு பாதி. புது வீடு, முதல் நாள், புருசன் பெண்டாட்டி என்ன பேசிக்கொள்வார்கள்? ஒரு நிமிஷம் மட்டும். வசதி சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டாமா, மாடிக்குப் பொறுப்பானவள்?

அரை அடி தள்ளி நின்று, நுனிப்பாதத்தில் சாய்ந்தாள்.

அந்தப் பக்கம் சட்டென்று எல்லாச் சத்தமும் நின்றது. அடுத்த நொடி, வீட்டின் நட்டநடுவில் நின்றுகொண்டு, இரண்டு பக்கத்துச் சுவருக்கும் கேட்கும்படி சுபத்ரா குரல் கொடுத்தாள்.

"ரெண்டு பேரும் ஏனுங்க்கா கால் கடுக்க நிக்கறீங்க? பாலு மிச்சம் இருந்துது, டீயாப் போட்டுட்டேன். வாங்க, உக்காந்தே கேக்கலாம்."